மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது

சார், பலகை முட்டில குத்துதா? இருங்க, திருப்பி வெச்சுக்கறேன். தகரம் பாருங்க, ஓரம் கொஞ்சம் கூரு. படிக்கணுமா? தாராளமா படிங்க. "மொட்டை மாடியில் துணி காயப்போடக் கூடாது." கீழ சின்ன எழுத்துல, "லேசர் கருவி இயங்குகிறது." இந்த வாசகம் நான் எழுதிக் குடுத்தது சார். கம்பெனில அம்பது பலகை அடிச்சு வெச்சிருக்காங்க. எந்த மாடில பெட்டி மாட்டினாலும் முதல்ல இந்தப் பலகை, அப்புறம்தான் மத்த வேலை. ஆபீஸ்ல இதுக்கு ஏகாம்பரம் ரூல்னே பேரு. ஏகாம்பரம் நான்தான்.

அவசரப்படாதீங்க, ரயிலு இப்ப நகராது. கிண்டிக்கு இந்தாண்ட நிக்குது, புகைல எதிர்ல சிக்னலே தெரியல. போகியாம், போகி. ரெண்டு பழைய பாய், ஒரு கிழிஞ்ச முறம், கொளுத்திட்டுப் போயேன். டயரைக் கொளுத்தணுமா? பழசைக் கழிக்கிறானாம். இவன் நுரையீரலைத்தான் கழிக்கிறான். இந்த போனைப் பாருங்க, எட்டு மிஸ்டு கால். எல்லாம் கஸ்டமர். "லிங்க் போச்சு, லிங்க் போச்சு"ன்னு. போகத்தானே செய்யும்? ஊரே கண்ணைக் கசக்கிட்டு நிக்குது, வெளிச்சம் மட்டும் எப்படிப் போகும்?

என்ன வெளிச்சமா? சொல்றேன். இந்த மாடில ஒரு பெட்டி, தூரத்துல இன்னொரு மாடில ஒரு பெட்டி. இதுலேருந்து அதுக்கு, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஒண்ணு போகும். அந்த வெளிச்சத்துலயே இன்டர்நெட்டு, படம், வீடியோ எல்லாம் போகும். நடுவுல வயரு கிடையாது. வீட்ல டிவி ரிமோட் இருக்கு இல்ல, அந்த மாதிரி. என்ன, இது அரை கிலோமீட்டர் தாண்டி அடிக்கிற ரிமோட்.

எங்க கம்பெனில ஒரு டை கட்டின ஆளு இருக்கான். கஸ்டமர் கிட்ட போய் என்ன உதார் விடுவான் தெரியுமா? "ரோட்டைத் தோண்டினா பர்மிஷனுக்கே ஆறு மாசம். ரேடியோல விட்டீங்கன்னா மீன் மார்க்கெட் மாதிரி ஆயிரம் பெட்டி ஒரே நேரத்துல கத்துது. எங்க வெளிச்சத்துக்கு வானம் காலியா கிடக்குது சார்"னுவான். வானம் காலியா? மெட்ராஸ்லயா? அவன் ஒரு நாளாவது மொட்டை மாடி ஏறிருக்கானா? அங்க ஒருத்தன் பட்டம் விடறான். ஒருத்தன் தலைவர் பொறந்த நாளுன்னு அம்பதடிக்கு பேனர் கட்டறான். ஒருத்தன் சொல்லாம கொள்ளாம இன்னொரு மாடி எழுப்பிடறான், நேத்து இல்லாத செவுரு இன்னிக்கு நிக்குது. காக்கா பெட்டி மேல உக்காந்து கண்ணாடில அசிங்கம் பண்ணிட்டுப் போகுது. அட, சூரியன் கூட விடாது, வருஷத்துல சில நாளு சாயங்காலம் நேரா பெட்டிக்குள்ளயே எட்டிப் பாக்கும். பெட்டி கண்ணு கூசிப்போய் பத்து நிமிஷம் ஒண்ணும் தெரியாம முழிக்கும். இவ்ளோத்துக்கும் நடுவுல வேலை செய்யறவன் நான். திட்டு வாங்கறவனும் நான்.

ஆனா சார், காக்காவை மன்னிச்சிடலாம். மனுஷங்களை மன்னிக்க முடியாது. அதுலயும் துணி காயப்போடறவங்க இருக்காங்களே.

போன சித்திரைல நடந்தது. வடபழனி பக்கம் ஒரு ஸ்கேன் சென்டர், பேரு வேணாம். ஸ்கேன் மெஷின் இருக்கற பில்டிங் மெயின் ரோட்டுக்கு அந்தாண்ட. டாக்டர் உக்காந்து படத்தைப் பாத்து ரிப்போர்ட் எழுதற பில்டிங் இந்தாண்ட. நேருக்கு நேர் அடிக்கலாம்னா நடுவுல பத்து மாடி அபார்ட்மென்ட் ஒண்ணு குறுக்க நிக்குது. அதனால ஓரமா ஒரு பழைய நாலு மாடி வீட்டைப் பிடிச்சோம். அங்க ஒரு நடுப்பெட்டி. வெளிச்சம் அங்க வந்து, அங்கேருந்து டாக்டர் பக்கம் திரும்பிப் போகணும். வீட்டுக்காரர் பரந்தாமன்னு, ரிட்டையர்ட் ஆளு. மாடிக்கு வாடகை வரும்னதும் சிரிச்சுக்கிட்டே சாவியைக் குடுத்துட்டாரு.

பெட்டியை எங்க மாட்டறது? கம்பெனி புஸ்தகத்துல போட்டிருக்கு: கான்கிரீட் செவுத்துல மாட்டு, நாலு போல்ட் அடி, தண்ணி டேங்க் ஸ்டாண்டுல மாட்டாதே. எழுதினவன் எந்த ஊர்க்காரனோ. முப்பது வருஷம் கேபிள் டிவில இருந்தவன் சார் நான். ஆன்டெனா, டிஷ்ஷு, கேபிளு, எல்லாத்தையும் டேங்க் ஸ்டாண்டுலதான் கட்டினேன். ஒண்ணு விழுந்துச்சா? வீட்டுக்கே உசந்த இடம் அதான். இரும்பு ரெடியா நிக்குது, கிளாம்ப் போட்டு ரெண்டு நட்டு முறுக்கினா முடிஞ்சுது. செவுத்துல மாட்டணும்னா டிரில்லைத் தூக்கிட்டு நாலு மாடி ஏறணும், லிஃப்ட் கிடையாது. மத்தியானம் பன்னெண்டுக்கு ஏறினேன், ஒன்றரைக்கெல்லாம் பச்சை லைட் எரிஞ்சுது. ரெண்டு மணிக்கு சாப்பாட்டுல உக்காந்துட்டேன்.

சும்மா மாட்டிட்டு வந்துட்டேன்னு நினைக்காதீங்க. குறி வெக்கறதுதான் இதுல வித்தை. ராத்திரி கரண்ட் போனா டார்ச் அடிப்பீங்க இல்ல? கையை நூலளவு திருப்பிப் பாருங்க, எதிர் செவுத்துல வெளிச்சம் ஒரு சாண் தள்ளிப் போயிடும். இங்க எதிர் செவுரு அரை கிலோமீட்டர் தள்ளி. பெட்டி ஒரு மயிரிழை சாஞ்சுதுன்னு வைங்க, அந்தப் பக்கம் வெளிச்சம் ஆளையே தாண்டிப் போயிடும். இதெல்லாம் எல்லாருக்கும் புரியாது. அனுபவம் வேணும்.

மறுநாள் காலைல போன். ஆறே காலுக்கு லிங்க் போச்சு. ஏழரைக்குத் தானா வந்துச்சு. அதுக்கு மறுநாளும் அதே. தினம் தினம், கடிகாரம் வெச்ச மாதிரி ஆறே காலுக்குப் போகும், ஏழரை, ஏழே முக்காலுக்கு வரும். ஸ்கேன் சென்டர்ல அந்த நேரம்தான் வெறும் வயித்தோட வர்ற கூட்டம். படம் டாக்டருக்குப் போகல. அங்க பெருக்கித் துடைக்கிற ஆயாம்மா, படத்தையெல்லாம் ஒரு பென்டிரைவ்ல வாங்கி முந்தானைல முடிஞ்சுக்கிட்டு, மெயின் ரோட்டைக் கிராஸ் பண்ணிக் கொண்டு போய்க் குடுக்கும். இத்தனை லட்ச ரூபா பெட்டியை விட அந்த ஆயாம்மா நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் என் மூஞ்சிக்கு நேரா சொன்னாரு. "பத்து நாள்ல சரியாகணும், இல்ல, கழட்டிட்டுப் போ"ன்னாரு. கழட்டினா என்னையும் சேத்து கம்பெனிலேருந்து கழட்டிடுவேன்னு எங்க மேனேஜர். ஐம்பத்தி மூணு வயசுல எங்க போவேன் சார்?

போய்ப் பாத்தேன். காலைல பதினோரு மணி. மாடிக் கதவைத் திறக்கறேன், கண்ணுக்கெட்டின வரைக்கும் புடவை. காட்டன் புடவை, கஞ்சி போட்டது, பத்துப் பன்னெண்டு கயித்துல தொங்குது. பள்ளிக்கூட டீச்சருங்க, பேங்க்ல வேலை பாக்கற அம்மாங்க, எல்லாரும் குடுப்பாங்களாம். அங்க மாடி ரூம்ல குடியிருக்கறவ பேரு செங்கமலம். புருஷன் இல்ல. ப்ளஸ் டூ படிக்கற பொண்ணு ஒண்ணு. தோய்ச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி பண்ணிக் குடுக்கறதுதான் பொழப்பு. காலைல மோட்டார் போட்டு டேங்கை ரொப்பறது, மாடிப்படி பெருக்கறது, இதுக்காக பரந்தாமன் வாடகையைக் கொஞ்சம் குறைச்சு விட்டிருந்தாரு.

பாத்ததுமே தெரிஞ்சு போச்சு சார் எனக்கு. குற்றவாளி கையும் களவுமா மாட்டிக்கிச்சு. புடவை காத்துல எழும்பி வெளிச்சத்தை மறைக்குது, வேற என்ன?

என்ன கேக்கறீங்க? பதினோரு மணிக்குப் புடவை தொங்குது, லிங்க் ஓடிச்சான்னா? ஓடிச்சு. பச்சை லைட் எரிஞ்சுது. அதான் சார் அவ சாமர்த்தியம். ஆளு வர்றது தெரிஞ்சு தாழ்த்திக் கட்டியிருப்பா.

நான் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "இந்தாம்மா, காலைல ஆறு மணிக்குத் துணி போடறியா நீ?" அவ சொல்றா, "இல்லண்ணா, எட்டு மணிக்கு மேலதான் கயிறு பக்கமே போவேன். வெயிலு ஏறாம போட்டா கஞ்சிப் புடவை ஈரமாவே நின்னு நாறிப் போயிடும். கஸ்டமரு மூஞ்சில வீசிடுவாங்க"ன்னு. எப்படிப் பேச்சு பாருங்க. துணிக்காரி எனக்கு வெயில் பாடம் எடுக்கறா. அப்புறம் இன்னொண்ணு சொன்னா. "அண்ணா, காலைல டேங்க் ரொம்பும்போது அந்த ஸ்டாண்டு முனகும்ணா. பெட்டி அதுலதானே இருக்கு, அதைக் கொஞ்சம் பாருங்க"ன்னு. நான் சிரிச்ச சிரிப்புல பரந்தாமன் கீழேருந்து மேல ஏறி வந்துட்டாரு. அவரும் சிரிச்சாரு. "செங்கமலம், நீ எப்போ இன்ஜினியர் ஆனே?"ன்னு கேட்டாரு. அவ பக்கெட்டை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

ஆறு மணிக்கு நேர்ல போய்ப் பாத்திருக்கலாமேன்னு கேக்கறீங்க. நீங்களும் எங்க ஆபீஸ் பொண்ணு நிலோஃபர் மாதிரியே கேக்கறீங்களே சார். நான் இருக்கறது குரோம்பேட்டை. ஆறு மணிக்கு வடபழனில நிக்கணும்னா எத்தனை மணிக்கு எழுந்திரிக்கணும்? போய்ப் பாக்க என்ன இருக்கு, அதான் தெரிஞ்சு போச்சே.

அன்னிக்கே பரந்தாமன் கிட்ட சொன்னேன். பெட்டி வேணுமா, புடவை வேணுமா? பெட்டிக்குக் கம்பெனி வாடகை. அவருக்கு யோசிக்கவே வேணாம். முதல் பலகை அன்னிக்குத்தான் எழுதினது, ஒரு அட்டைல, சிவப்பு பெயின்ட்ல, என் கையாலயே. அவளை விட்டே எல்லாக் கயித்தையும் அவுக்கச் சொன்னேன். அவுத்தா. பல்லால கடிச்சு ஒவ்வொரு முடிச்சா அவுத்தா. வெயில்லயும் மழைலயும் இறுகிப் போன முடிச்சு.

அப்புறம் ரூமுக்குள்ளயே ஃபேனைப் போட்டுக் காயவெச்சுப் பாத்தா. மாடிப்படிக் கைப்பிடில போட்டுப் பாத்தா, கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வந்தாங்க. டீச்சருங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. ஆடி மாசம் காலி பண்ணிட்டா. பள்ளிக்கூடம் நடக்கற நடுவுல போனதால, அந்தப் பொண்ணு ரெண்டு பஸ் மாறி அதே ஸ்கூலுக்கு வரணுமாம், பரந்தாமன் சொன்னாரு. நான் என்ன சார் பண்றது? எனக்கும்தான் பொண்ணு இருக்கு.

ஆமா, நடுவுல அந்த மூணு மாசமும் ஆறே காலுக்கு லிங்க் போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. கயிறு இல்ல, புடவை இல்ல, ஆனா போகுது. எனக்குத் தெரியாதா? அவ விடியறதுக்கு முன்னாடி திருட்டுத்தனமா காயவெச்சு எடுத்துடறான்னு மேனேஜருக்கு எழுதிட்டேன். அதனாலதான் பத்து நாள் கெடுவு மாசக்கணக்கா இழுத்துது.

இப்ப கேளுங்க, இதுதான் முக்கியம். அவ காலி பண்ணின மறுநாள், ஆறே காலுக்கு லிங்க் போகல! எட்டு மணி வரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு. மேனேஜருக்கு போன் போட்டு, பாத்தியா, ஏகாம்பரம் சொன்னது என்ன ஆச்சுன்னு கேட்டேன். ஆபீஸ் போனதும் முதுகுல தட்டிக்குடுத்தான் சார். இந்தப் பலகை அம்பது அடிச்சது அந்த வாரம்தான்.

என்ன, அன்னிக்குப் பத்தரைக்கு லிங்க் போச்சு. மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு. அதுக்கு மறுநாள் மத்தியானம். அது வேற பிரச்னை சார், இதுல கலக்காதீங்க. அவ போனதும் பரந்தாமனோட மச்சினர்தான் மோட்டார் போடறாரு. அந்த ஆளு எப்போ எழுந்திரிக்கறாரோ அப்போதான் தண்ணி. சொன்னேனே, அவ இருந்த வரைக்கும் நேரத்துக்காவது போச்சு. போன பிறகு நேரங்காலம் இல்லாம போகுது. நான் புறாவைச் சந்தேகப்பட்டேன். கொசு மருந்துப் புகையைச் சந்தேகப்பட்டேன். பக்கத்து கல்யாண மண்டபத்துல கட்டின பந்தலைப் பத்தி மூணு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன்.

ஐப்பசில ஆபீஸ்ல நிலோஃபர்னு ஒரு பொண்ணு சேந்துது. இன்ஜினியர். இருபத்திநாலு வயசு. வந்த மூணாம் நாளு ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு விடிகாலைல அந்த மாடில போய் நிக்குது, என் கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. மச்சினரை எழுப்பி மோட்டார் போட வெச்சிருக்கு. கிளாம்புலேருந்து ஒரு நூலைத் தொங்க விட்டு, முனைல ஒரு நட்டைக் கட்டி, கீழ சாக்பீஸ்ல கோடு போட்டிருக்கு. டேங்க் காலியா இருக்கும்போது ஒரு கோடு, ரொம்பினப்புறம் ஒரு கோடு. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரக்கடை. என்னைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுது. "சார், ரெண்டாயிரம் லிட்டர்னா ரெண்டு டன் வெயிட்டு. ஸ்டாண்டு ஒரு பக்கமா அமுங்குது, பெட்டி சாயுது. ஜனங்க குளிச்சு முடிச்சு டேங்க் பாதி ஆனதும் நிமிந்துக்குது. நீங்க மத்தியானம் பாதி டேங்க்ல குறி வெச்சிருக்கீங்க"ன்னு.

அன்னிக்குக் காத்து இருந்துச்சு சார். காத்துல நூலு ஆடாதா?

அந்தப் பொண்ணு கேக்கல. டிரில்லை நாலு மாடி தூக்க வெச்சுது, என்னைத்தான். மாடிப்படி முடியற இடத்துல கான்கிரீட் செவுரு, அதுல நாலு போல்ட். முடிஞ்சுது. அன்னிலேருந்து இன்னி வரைக்கும் அந்த லிங்க் போகல. இன்னிக்குப் போயிருக்கும், போகி, அது கணக்குல வராது. ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல நான் "கட்டட அசைவு"ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கட்டடம்தானே அசைஞ்சுது? டேங்கும் கட்டடத்துலதானே இருக்கு? அந்தப் பொண்ணு அதைப் படிச்சிட்டு என்னை ஒரு பார்வை பாத்துது. பிறகு கேட்டுது, "அந்த மாடில இருந்தவங்க இப்ப எங்க இருக்காங்க சார்?"னு. எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன ஊர்ல இருக்கற துணிக்காரிங்க விலாசமெல்லாமா எழுதி வெச்சிருக்கேன்?

தெரியாதுன்னுதான் சொன்னேன். நேத்து வரைக்கும் தெரியாது.

நேத்து சைதாப்பேட்டைல ஒரு புது சைட்டு. நாலு மாடி, லிஃப்ட் இல்ல, எல்லாம் அதே மாதிரி. மூச்சு வாங்க ஏறிப் போய் மாடிக் கதவைத் தட்டறேன். திறந்தது அவ. செங்கமலம். என்னைப் பாத்தா, என் கைல இருந்த பெட்டியைப் பாத்தா. "வாங்கண்ணா"ன்னா. உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டு வந்து குடுத்தா. பின்னாடி நாலே நாலு கயிறு. நாலஞ்சு புடவை. பழைய மாதிரி கூட்டம் இல்ல.

"எங்கண்ணா மாட்டப் போறீங்க?"ன்னு கேட்டா. நான் கான்கிரீட் செவுத்தைக் காட்டினேன். அவ அந்தப் பக்கம் டேங்கைப் பாத்தா. திரும்பி செவுத்தைப் பாத்தா. என்னைப் பாத்தா. ஒரு வார்த்தை கேக்கல சார். கேட்டிருந்தா ஏதாவது பதில் சொல்லிருப்பேன், வாயில பதிலுக்கா பஞ்சம்? ஈரப் புடவையை ஒவ்வொண்ணா உருவி பக்கெட்டுல போட்டா. அப்புறம் கயித்துக்கிட்ட போய் முடிச்சைப் பல்லால கடிச்சா. நான் சொல்லவே இல்ல சார். பலகை கூட ஆபீஸ்லதான் இருந்துச்சு. நாலு கயித்தையும் அவளே அவுத்து, சுருட்டி, கைல வெச்சுக்கிட்டு, "நாங்க இருக்கலாம்லண்ணா? பொண்ணுக்கு மார்ச்ல பரீட்சை"ன்னு கேட்டா.

நான் என்ன நினைச்சேன்னா, தப்பு பண்ணாதவ எதுக்கு அவுக்கணும்? மடில கனம் இல்லன்னா... ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? நிலோஃபர் பாக்கற மாதிரியே பாக்கறீங்க.

சரி, சொல்லிடறேன். செவுத்துல மாட்டினா பெட்டி அவ கயித்துக்கு மேல ஆளு உசரத்துக்கு நிக்கும். புடவை எட்டாது. பழைய மாடிலயும் எட்டியிருக்காது. எனக்குத் தெரியும். "கட்டிக்கோம்மா"ன்னு சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமயே படி இறங்கி வந்துட்டேன்.

வண்டி நகருது பாருங்க. அடுத்தது கிண்டி, அதுக்கு அடுத்தது சைதாப்பேட்டை, நான் இறங்கணும். பலகையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க சார். மாட்டத்தான் போறேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? இன்னிக்குப் போய்க் கட்டிக்கோன்னு சொன்னா, அப்ப அன்னிக்கு வடபழனில எதுக்கு அவுக்கச் சொன்னேன்னு ஆயிடும் இல்ல?